மேளத்தை எங்கே நிறுத்துவது?

நாலு பேர் கூடி வாசிக்கிற இசையை எப்படிப் பதிவு செய்வது என்ற கேள்விக்கு நூற்றிருபது வருடங்களுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் முக்கியமான சில பக்கங்கள் நாங்கள் அகதிகளாக வந்து குடியேறிய இதே லண்டன் மாநகரத்தில்தான் எழுதப்பட்டன. ஹேய்ஸில் வீடு வாங்கியிருக்கிற எங்கட சனத்தில் எத்தனை பேருக்கு, தாங்கள் பஸ்ஸில் கடந்து போகிற பழைய பக்ரறிக் கட்டடங்களில் என்ன நடந்தது என்று தெரியும்? அதைக் கொஞ்சம் சொல்லலாம் என்றுதான் இந்தப் புத்தாண்டு மலருக்கு இதை எழுதுகிறேன்.

உமக்கு ஏன் உந்த விசயத்தில் அக்கறை என்று கேட்பீர்கள். நான் எழுபதுகளில் வடமராட்சியில் ஒரு லவுட்ஸ்பீக்கர் கடையில் வேலைக்கு நின்றவன். கோவில் கொடியேற்றம், கலியாணம், வாசிகசாலை ஆண்டுவிழா என்று எல்லாவற்றுக்கும் குழாய் கட்டுவோம். எங்கட முதலாளி அண்ணையிடம் ஒரு ரேப் றெக்கோடர் இருந்தது. திருவிழாவில் பெரிய மேளச் சமா நடந்தால் அதைப் பதியாமல் விடமாட்டார். எல்லாரும் மைக்கைக் கொண்டுபோய் நாதஸ்வரகாரரின் முன்னுக்கு ஊன்றுவார்கள். அண்ணை அப்படிச் செய்யார். கொட்டகை வளையில் கயிறு போட்டு, வாசிக்கிறவர்களின் தலைக்கு மேலே ஆறேழு அடி உயரத்தில் மைக்கைத் தொங்கவிடுவார். தவில்காரரை ஒரு பாய் பின்னுக்குத் தள்ளி இருத்துவார். ஏனென்று கேட்டால், "மைக்குக்கு ஒரு காதுதான் தம்பி, அதுக்கு ஆர் கிட்ட, ஆர் தூர எண்டு நாங்கள்தான் சொல்லிக் குடுக்கவேணும்" என்பார். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதைப் படித்தவர் அல்ல. இங்கு வந்து இரவு வேலை செய்த காலத்தில் பகலில் நூலகத்தில் இருந்து வாசித்தபோதுதான், அண்ணை சொன்ன கதையைத்தான் வெள்ளைக்காரனும் ஐம்பது வருடமாகத் தேடித் திரிந்தான் என்று கண்டுகொண்டேன்.

ஆரம்பத்தில் மைக்கே கிடையாது. ஒரு பெரிய தகரக் குழல் இருந்தது. அதன் அகன்ற வாய்க்குள் பாடவேண்டும், வாசிக்கவேண்டும். குழலின் ஒடுங்கிய முனையில் ஒரு மெல்லிய தகடு, அதோடு ஒரு ஊசி, ஊசிக்குக் கீழே சுழலுகிற மெழுகுத் தட்டு. மின்சாரம் என்ற பேச்சே இல்லை. மனிதரின் மூச்சும் கையும் எழுப்புகிற அதிர்வுதான் நேரே மெழுகைக் கீறியது. சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ திருகுகிற குமிழ் எதுவும் இல்லை. கூட்டவேண்டும் என்றால் ஆள் கிட்டப் போகவேண்டும், குறைக்கவேண்டும் என்றால் பின்னுக்கு வரவேண்டும். பாடகர் உச்சத்துக்குப் போகும்போது பின்னுக்கு இழுப்பதற்கும், மெல்லப் பாடும்போது குழலுக்குள் தள்ளுவதற்கும் ஆள் நின்றதாம்.

ஒரு முழு வாத்தியக் குழுவை அந்தக் குழலுக்கு முன் நிறுத்திய பாட்டை நினைத்துப் பாருங்கோ. வயலின்காரர் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு முன்னுக்கு நெருங்கி நிற்பார்கள். அப்படியும் வயலின் கேட்காது. அதற்காக அகஸ்டஸ் ஸ்ட்ரோ என்பவர் 1899 இல் ஒரு வயலினுக்கு உரிமம் பெற்றார். அதில் மரப்பெட்டி இல்லை, ஒரு தகடும் ஒரு சின்னக் குழலும்தான். ஓசை இனிமை இல்லை, ஆனால் குழலுக்குள் விழும். பெரிய டபிள் பாஸின் அடிநாதம் மெழுகில் ஏறாதபடியால் அதற்குப் பதிலாக டியூபா என்ற பித்தளைக் குழாயை ஊதுவித்தார்கள். கொம்பு வாத்தியத்தின் வாய் பின்பக்கம் பார்ப்பதால், அதை ஊதுபவர்கள் குழலுக்கு முதுகைக் காட்டி இருந்து, நடத்துநரைக் கண்ணாடியில் பார்த்து வாசித்தார்கள். 1913 நவம்பரில் ஆர்தர் நிக்கிஷ் என்பவர் பெர்லின் பில்ஹார்மொனிக் குழுவை வைத்து பேத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியை முழுமையாகப் பதிந்தார். இசைத்தட்டில் எட்டுப் பக்கங்கள் பிடித்தன. இன்று கேட்டால் மூடிய அறைக்குள் இருந்து வருகிற மாதிரித்தான் இருக்கும். ஆனாலும் அந்த மனிதர்களின் வேகமும் மூச்சும் அதற்குள் இருக்கிறது.

எங்கட பக்கத்துக்கும் இந்தக் குழல் வந்தது. பிரெட் கைஸ்பேர்க் என்ற அமெரிக்கர் 1898 இல் லண்டன் வந்து, கொவன்ற் கார்டனுக்குப் பக்கத்தில் மெய்டன் லேனில் ஒரு நிலக்கீழ் அறையில் பதிவுக் கலையகம் தொடங்கினார். அவரே 1902 இல் கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறிப் போய் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்தார். அந்த மெழுகுகள் ஜேர்மனியில் ஹனோவர் நகரத்துக்குப் போய் இசைத்தட்டுகளாகத் திரும்பி வந்தன. பாட்டு முடிந்ததும் அந்த அம்மா தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்லுவது தட்டில் பதிந்திருக்கிறது. என்னுடைய எண்ணம் என்னவென்றால், மெல்லிய வீணையைவிட எங்கட நாதஸ்வரம்தான் அந்தக் குழலுக்கு வாய்ப்பான வாத்தியம். அதை யாரும் குழலுக்குள் தள்ளவேண்டி இருந்திராது.

மின்சாரம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1920 நவம்பர் 11 ஆம் திகதி, வெஸ்ட்மினிஸ்ரர் அபியில் பெயர் தெரியாத போர்வீரனை அடக்கம் செய்த சடங்கை, கெஸ்ற், மெரிமன் என்ற இருவர் உள்ளே மைக் வைத்து, வெளியே நின்ற வாகனத்தில் கருவி வைத்துப் பதிந்தார்கள். தெளிவு குறைவு. ஆனால் பாடுபவர் கருவிக்குப் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை என்பது அன்று தெரிந்துவிட்டது. 1925 இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் முறை வந்ததும் குழல் காலம் முடிந்தது. வயலின்காரர் தங்கள் கதிரைகளுக்குத் திரும்பிப் போனார்கள். அதோடு இசைத்தட்டில் முதன்முதலாக மண்டபமும் கேட்கத் தொடங்கியது. குழல் காலத்தில் மனிதர் மட்டும்தான் பதியப்பட்டார்கள், அவர்கள் நின்ற இடம் பதியப்படவில்லை.

இனித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த மனிதர். பெயர் அலன் டவர் புளும்லைன். 1903 இல் லண்டனில் பிறந்தவர். 1929 இல் கொலம்பியாக் கொம்பனியில் சேர்ந்தார். 1931 இல் அந்தக் கொம்பனியும் கிராமபோன் கொம்பனியும் ஒன்றுசேர்ந்து ஈ.எம்.ஐ. ஆனது. வேலை ஹேய்ஸில். அவர் பின்னாளில் தன் மனைவியான பெண்ணோடு படம் பார்க்கப் போனபோது, திரையில் ஆள் ஒரு பக்கம் நிற்கக் குரல் இன்னொரு பக்கத்தால் வருவது அவருக்குப் பொறுக்கவில்லையாம். ஆள் நடந்தால் குரலும் நடக்கவேண்டும், அதற்கு வழி என்னிடம் இருக்கிறது என்று சொன்னாராம். 1931 டிசம்பரில் உரிமத்துக்கு விண்ணப்பம் போட்டார். அதில் 70 அம்சங்கள். இன்று உலகம் ஸ்டீரியோ என்று சொல்கிற எல்லாவற்றின் வேரும் அதற்குள் இருக்கிறது.

அவர் கண்டது என்ன? எங்களுக்கு இரண்டு காது. இடையில் ஒரு சாண் தூரம்கூட இல்லை. இடப்பக்கம் ஒருவர் கதைத்தால், அந்த ஓசை இடது காதுக்கு முதலும் வலது காதுக்குக் கொஞ்சம் பிந்தியும் போகும். அந்தப் பிந்தல் ஒரு வினாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தச் சொற்ப வித்தியாசத்தை வைத்துத்தான் இருட்டிலும் நாய் எந்தப் பக்கத்தால் குரைக்கிறது என்று சொல்கிறோம். அப்படியென்றால் காது மாதிரி இரண்டு மைக் வைத்து, இரண்டு ஒலிபெருக்கியில் விட்டால் சரிதானே என்று நினைக்கத் தோன்றும். சரிவராது. ஒலிபெருக்கியில் கேட்கும்போது இரண்டு காதுக்கும் இரண்டு பெட்டியின் சத்தமும் கலந்து வரும். கணக்குக் குழம்பிவிடும்.

புளும்லைன் அதைப் புரட்டிப் போட்டார். அவர் சொன்ன முறைகளில் ஒன்று இது: இரண்டு மைக்கையும் ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக வை. ஒன்று இடப்பக்கம் பார்க்கட்டும், மற்றது வலப்பக்கம் பார்க்கட்டும், இடையில் 90 பாகை. ஒரே இடம் என்றபடியால் நேர வித்தியாசம் இல்லை, சத்தத்தின் அளவில் மட்டும்தான் வித்தியாசம். இடப்பக்கத்து வயலின் இடது மைக்கில் பலமாகவும் வலது மைக்கில் மெலிதாகவும் விழும். அதை இரண்டு பெட்டியில் விடும்போது, கேட்பவரின் காதடியில் இரண்டும் கலந்து, அந்த நேர வித்தியாசம் தானாகவே பிறக்கும்! இதை முதன்முறை வாசித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இருந்தேன். கலப்பது பிழை என்று மற்றவர்கள் அதோடு மல்லுக்கட்ட, இவர் அந்தக் கலப்பையே வேலைக்காரனாக்கிவிட்டார்.

முதலில் ஆட்களை நடக்கவிட்டு, கதைக்கவிட்டுப் பதிந்து பார்த்தார். 1934 ஜனவரியில் அபி றோட் கலையகத்தில் சேர் தோமஸ் பீச்சம் லண்டன் பில்ஹார்மொனிக் குழுவை வைத்து மோசாட்டின் ஜூப்பிற்றர் சிம்பொனியை ஒத்திகை பார்த்தபோது அதையும் இந்த முறையில் பதிந்தார். 1935 இல் ஹேய்ஸ் ஸ்ரேசனில் ரயில் வருவதையும் போவதையும் சத்தத்தோடு படமாக எடுத்தார். ரயில் நகர, ஓசையும் நகருகிறது. கொம்பனிக்கு அதில் காசு தெரியவில்லை. எல்லாம் அலுமாரிக்குள் போனது. புளும்லைன் தொலைக்காட்சிக்கும் பிறகு ராடாருக்கும் போனார். 1942 ஜூன் 7 ஆம் திகதி, ராடார் கருவியைப் பரிசோதிக்க ஏறிய ஹலிபக்ஸ் விமானம் விழுந்து, அதில் இருந்த 11 பேரும் இறந்தார்கள். அவருக்கு அப்போது 38 வயது. யுத்த இரகசியம் என்று செய்தியே மறைக்கப்பட்டது. ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது 1958 இல், அவர் செத்துப் பதினாறு வருடம் கழித்து. ஈலிங்கில் அவர் வாழ்ந்த வீட்டில் ஒரு நீலவட்டப் பலகை இருக்கிறது. கனகதுர்க்கை அம்மன் தேருக்கு வருடாவருடம் ஈலிங் போகிறவர்கள் ஒருமுறை அந்தப் பக்கமும் நடந்து பார்க்கலாம்.

புளும்லைனின் வழி ஒன்று. டெக்காக் கொம்பனி போன வழி வேறு. யுத்த காலத்தில் நீர்மூழ்கிகளின் ஓசையைப் பிரித்தறியப் பழக்குவதற்காக டெக்கா இசைத்தட்டுகள் செய்தது. அந்த வேலையில் கிடைத்த தெளிவை ஆர்தர் ஹடி என்ற பொறியியலாளர் இசைக்குத் திருப்பினார். 1954 மே மாதம் ஜெனிவாவில் விக்ரோறியா மண்டபத்தில், அன்சர்மே நடத்திய குழுவை டெக்கா முதன்முதலாக ஸ்டீரியோவில் பதிந்தது. அந்த வருடத்தில் ஹடியும் றோய் வொலஸும் உருவாக்கிய அமைப்புத்தான் டெக்கா மரம் என்பது. மரம் என்றால் உண்மையில் ஒரு இரும்புச் சட்டம். அதில் மூன்று மைக். இடமும் வலமும் சுமார் இரண்டு மீற்றர் இடைவெளி, நடு மைக் ஒன்றரை மீற்றர் முன்னுக்கு. முழுவதும் நடத்துநரின் தலைக்கு மேலே, தரையில் இருந்து மூன்று மீற்றர் அளவு உயரத்தில். இங்கே நேர வித்தியாசமும் உண்டு. கணக்குப்படி புளும்லைன் முறையே சுத்தம். ஆனால் டெக்காவின் பதிவில் மண்டபத்தின் காற்று உங்களைச் சூழ்ந்து நிற்கும். எனக்கு இதுதான் பிடிப்பு, இதற்கு மேல் வாதாட மாட்டேன். வடமராட்சியில் கொட்டகை வளையில் கயிற்றில் தொங்கிய மைக்கைக் கண்டு வளர்ந்தவனுக்கு வேறு எது பிடிக்கும்?

அமெரிக்காவில் மேர்க்குறி என்ற கொம்பனி இன்னும் துணிச்சல். 1951 இல் சிக்காகோவில் குபெலிக் நடத்திய முழு வாத்தியக் குழுவையும் றொபேர்ட் பைன் என்பவர் ஒரேயொரு மைக்கால் பதிந்தார். அதையும் நடத்துநருக்கு மேலே உயரத் தூக்கினார். சத்தச் சமநிலை முழுவதும் வாசிக்கிறவர்களின் பொறுப்பு, பதிகிறவர் ஒன்றையும் கூட்டிக் குறைப்பதில்லை.

லண்டனில் டெக்காவும் ஈ.எம்.ஐ.யும் போட்டிக்குப் போட்டி பதிந்த இடம் ஹோபர்னில் இருந்த கிங்ஸ்வே மண்டபம். 1912 இல் மெதடிஸ்த சபை கட்டிய மண்டபம். அலங்காரம் இல்லை, தரை சரிவு, கீழே பிக்கடிலிப் பாதையின் பாதாள ரயில். நல்ல பதிவுகள் சிலவற்றில் மெல்லிய இசை வரும் இடத்தில் ரயில் உறுமுவதை இன்றும் கேட்கலாம். அப்படி இருந்தும் உலகப் புகழ் பெற்ற குழுக்கள் அங்கேதான் வந்தன, ஏனென்றால் அந்தச் சுவர்கள் ஓசையைத் திருப்பித் தந்த விதம் வேறு எங்கும் கிடைக்கவில்லை. கென்னத் வில்கின்சன் என்ற டெக்காப் பதிவாளரின் பெருமையில் பாதி அந்தச் சுவர்களுக்குச் சேரும். 1984 இல் பதிவு நின்றது, 1998 இல் இடித்தார்கள். இப்போது அந்த இடத்தில் ஹோட்டல். மண்டபம் போய்விட்டது, ஆனால் மண்டபத்தின் ஓசை தட்டுகளில் இருக்கிறது.

அறுபதுகளில் காற்று மாறிவிட்டது. ஒலிநாடாவில் பல தடங்கள் வந்தன. ஒருவர் இன்று வாசிக்க, மற்றவர் நாளை வந்து அதன் மேல் வாசிக்கலாம். அதே அபி றோட்டில் 1967 பெப்ரவரியில் பீற்றில்ஸ் குழு ஒரு பாட்டுக்காக 40 பேர் கொண்ட வாத்தியக் குழுவை நாலு தரம் பதிந்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, 160 பேரின் சத்தம் எடுத்தது. அது கெட்டித்தனம்தான். குறை சொல்ல வரவில்லை. சென்னையில்கூட எண்பதுகள் வரை சினிமாப் பாட்டுக்கு எல்லா வாத்தியகாரரும் ஒன்றாக இருந்து வாசிக்கிற வழக்கம் இருந்தது, பிறகு அங்கும் தனித்தனித் தடம்தான். ஆனால் அந்தப் பழக்கம் எல்லா இசைக்கும் பொருந்துமா என்பதுதான் என் கேள்வி.

இப்போது எங்கட மேளத்துக்கு வருகிறேன். இங்கே கலியாணத்திலும் கோவிலிலும் பதிவு செய்ய வருகிற பெடியள் நாதஸ்வரத்தின் அணசுக்குள் ஒரு மைக், தவிலின் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று என்று கட்டி மிக்ஸரில் கலக்குகிறார்கள். வீட்டில் போட்டுக் கேட்டால் தவிலின் ஒரு பக்கம் இந்தச் சுவரில், மற்றப் பக்கம் அந்தச் சுவரில். ஒரு மனிதன் மடியில் வைத்து அடிக்கிற தவில் மண்டபம் அளவு அகலமாகிவிடுகிறது. நாதஸ்வரத்தின் ஓசை அணசால் மட்டும் வருவதில்லை, விரல் திறக்கிற துளைகளாலும் வருகிறது. வாய்க்குள் மைக் வைத்தால் கமகம் பாதிதான் விழும். அதைவிட மோசம், தவில்காரர் நாதஸ்வரகாரரின் மூச்சைப் பார்த்து அடக்குகிற அடக்கம் இருக்கிறதே, அதை மிக்ஸரில் இருப்பவர் "சத்தம் குறைஞ்சு போச்சு" என்று நினைத்துக் கூட்டிவிடுகிறார். சமாவின் உயிரே அந்த அடக்கத்தில்தான் இருக்கிறது.

மிக்ஸர் இல்லாமல் தவிலை அமர்த்த முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. தூரம் இரட்டித்தால் நேரே வருகிற ஒலியின் அழுத்தம் பாதியாகும். மைக் தவிலுக்கு இரண்டு அடியிலும் நாதஸ்வரத்துக்கு எட்டு அடியிலும் இருந்தால், தூரத்தால் மட்டுமே தவிலுக்கு நாலு மடங்கு மேலதிகம். அதே மைக்கை உயர்த்திப் பின்னுக்குக் கொண்டுபோய், தவிலுக்குப் பன்னிரண்டு அடி, நாதஸ்வரத்துக்குப் பத்து அடி என்று வைத்தால் நாதஸ்வரத்துக்குத்தான் கொஞ்சம் கூட. ஒரு குமிழும் திருகவில்லை. எங்கட அண்ணை ஒரு பாயைப் பின்னுக்கு இழுத்துச் செய்தது இதைத்தான்.

யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975 இல் காலமானார். அவருடைய தவிலைக் கேட்டவர்கள் சொல்லச் சொல்ல வாய் மூடமாட்டார்கள். ஆனால் அவர் வாசித்த வாசிப்பின் அளவுக்குப் பதிவுகள் எங்களிடம் மிகக் கொஞ்சம். இருப்பதிலும் பல, கூட்டத்துக்குள் எங்கோ வைத்த ஒரு மைக். எத்தனையோ வீடுகளில் இருந்த கசற்றுகள் இடம்பெயர்வில் போய்விட்டன. ஊரில் அந்தப் பாணியைக் கேட்டு வளர்ந்து, இங்கு வந்து வாசிக்கிற மூத்த வித்துவான்கள் இன்னும் சிலர் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். எல்லாருக்கும் வயது எழுபதுக்கு மேல்.

ஆகையால் சங்கத்தாரிடம் என் வேண்டுகோள் இது. இந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை அழைத்து ஒருமுறை ஒழுங்காகப் பதிவோம். கம்பளம் விரித்த கூட்ட அறை வேண்டாம், ஓசையை விழுங்கிவிடும். மரத்தரையும் உயர்ந்த கூரையும் உள்ள பழைய தேவாலய மண்டபம் வாடகைக்கு எடுக்கலாம். நல்ல மைக் இரண்டு போதும், அதுவும் வாடகைக்குக் கிடைக்கும். பிரெஞ்சு வானொலிக்காரர் கண்ட முறை ஒன்று இருக்கிறது: இரண்டு மைக்குக்கும் இடையில் 17 சென்ரிமீற்றர், கோணம் 110 பாகை. எங்கட காதின் இடைவெளியை ஒட்டியது, புதுப் பழக்ககாரருக்கும் பிழைக்காது. உயரமான தாங்கியில் பத்தடி உயரத்தில் வைப்போம். நாதஸ்வரகாரர் முன்னுக்கு, தவில் ஒரு பாய் பின்னுக்கு, தாளமும் சுருதியும் ஓரத்தில். வழக்கம்போல ஒருவர் முகம் ஒருவர் பார்த்து இருக்கட்டும். காதுக்குள் ஒன்றும் மாட்டவேண்டாம். முதலில் பத்து நிமிடம் பதிந்து, எல்லாரும் இருந்து கேட்டு, மிக்ஸரைத் தொடாமல் பாயை மட்டும் நகர்த்துவோம். பெடியள் இரண்டு பேர் உதவிக்கு வந்தால் தாங்கியைத் தூக்கி நிறுத்துகிற வேலையை நான் பார்க்கிறேன்.